ஒரு பேருக்கு எவ்வளவு? நிதி அமைச்சுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

நிதி அமைச்சர் அவர்களுக்கும், திறைசேரி, தொழில் திணைக்களம், மின்சார சபை, நலன்புரி நன்மைகள் சபை ஆகியவற்றின் அதிகாரிகளுக்கும்,

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகும் இந்த 2025இல், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் தொழிற்சங்கக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் மரண உதவிச் சங்கங்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஒரேயொரு கோரிக்கையைச் சுற்றித்தான் முழு மடலும் நிற்கிறது. செலவைக் குறைக்கவோ வரியைக் கூட்டவோ நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும், கையெழுத்திடும் முன், எங்கள் கணக்கில் ஒரு விலை போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கின் அலகு 'பேர்'.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'ஒரு பேர்'. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, சொன்ன மலைக்குப் போய், சொன்ன கிலோவை எடுத்துக் கொடுத்தால் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் பல தோட்டங்களில் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றுதான் சம்பளத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கேட்பார்கள். கடைக்காரர் கடன் கொடுப்பதும் அடகுக்கடைக்காரர் தவணை கொடுப்பதும் அந்தப் பதிலை வைத்துத்தான்.

இதை எழுதும் 2025இல் ஒரு பேரின் விலை 1,350 ரூபாய். 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக இருந்தது, 2024 செப்டெம்பர் வரை 42 மாதம் அசையாமல் நின்றது. நடுவில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. பேர் மட்டும் அதே 1,000 ரூபாய்தான். 2024 மேயில் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. நீதிமன்றத் தடை அதை நிறுத்தியது. பிறகு சம்பள நிர்ணய சபையில் முடிவானது 1,350. எந்தக் கட்டணத்தை ஏற்றும்போதும் இந்த 42 மாதம் உங்கள் மேசையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே மீண்டும் எழுதுகிறோம்.

1,350இல் 8 சதவீதம், அதாவது 108 ரூபாய், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். மிச்சம் 1,242. அதிலிருந்து சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத் தவணை, மரண உதவிச் சங்கம் என்று சம்பளச் சீட்டில் வரிசையாக விழும். இவையெல்லாம் எங்களுக்குத் தெரிந்து, நாங்களே ஒப்புக்கொண்ட பிடிப்புகள். நாங்கள் ஒப்புக்கொள்ளாத பிடிப்புகளைப் பற்றித்தான் கீழே எழுதுகிறோம்.

முதலில் மின்சாரம், ஏனென்றால் கணக்கு அதில் பச்சையாகத் தெரிகிறது. ஒரு லயக்காம்பராவில், அதாவது வரிசை வீட்டின் ஓர் அறையில், இரண்டு மூன்று பல்ப், ஒரு டிவி, போன் சார்ஜ், எப்போதாவது அயன். மாதம் 28 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்டுக்கு முன் அலகு 2.50, நிலையான கட்டணம் 30, ஆக பில் 100 ரூபாய். ஓகஸ்டில் அலகு 8, நிலையான கட்டணம் 120, பில் 344. 2023 பெப்ரவரியில் அலகு 30, நிலையான கட்டணம் 400, பில் 1,240. ஏறக்குறைய ஆறு மாதத்தில் 100 ரூபாய் 1,240 ஆனது. அன்று ஒரு பேர் 1,000 ரூபாய். மாதத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் நாள் பல்புக்காக மட்டும் மலை ஏற வேண்டியிருந்தது. குறிப்பாக அந்த 400 ரூபாயைப் பாருங்கள். விளக்கே எரியாவிட்டாலும் அது விழும். அலகைக் குறைத்தால் பில்லைக் குறைக்கலாம் என்ற ஒரே வழியையும் நிலையான கட்டணம் அடைத்துவிட்டது.

2023 ஜூலைக்குப் பிறகு விலை இறங்கியது உண்மைதான். பிறகு இறங்கியும் ஏறியும், 2025 ஜூனில் 15 சதவீதம் ஏறியும் இருக்கிறது. ஆனால் 2023இன் முதல் பாதியில் கட்ட முடியாமல் சேர்ந்த நிலுவையும், சிவப்பு பில்லும், துண்டித்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும் கட்டணமும் அந்த இறக்கத்தோடு இறங்கவில்லை. விலை குறைந்த பிறகும் இருட்டில் இருந்த வீடுகள் அப்படி வந்தவை.

லயத்துக்கே உரிய இன்னொரு கோளாறு இருக்கிறது. கொழும்பில் கட்டணப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கலியாணம் கட்டிய மகன் லயத்தின் கோடியில் தகரம் அடித்து ஒரு தற்காலிக வீடு போடுவான். அவனுக்குத் தனி மீட்டர் வேண்டுமானால் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி வேண்டும். காணி கம்பனியின் குத்தகையில் இருப்பதால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் சுலபத்தில் கிடைக்காது, கொடுத்தால் குடியிருப்பு உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நிர்வாகம் தயங்கும். ஆகவே அப்பா வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுப்பார்கள். இரண்டு குடும்பமும் தலைக்கு 35 அலகு எரித்தால் மீட்டரில் 70 விழும். 60ஐத் தாண்டினால் தாண்டிய பத்து அலகுக்கு மட்டும் கூடிய விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 60 வரை எரிப்பவருக்கு ஒரு பட்டியல், தாண்டியவருக்கு வேறு பட்டியல். தாண்டியவர் முதல் அலகிலிருந்தே கூடிய விலை கட்ட வேண்டும், நிலையான கட்டணமும் மேல்படிக்குப் போகும். சிக்கனமாக எரிக்கும் இரண்டு ஏழை வீடுகள் ஒரு மீட்டரில் சேர்ந்ததும் வசதியான ஒரு வீட்டின் கணக்குக்குள் விழுந்துவிடுகின்றன. இழுத்த வயரோ பெரும்பாலும் மெல்லிய வயர், கூரைத் தகரத்தில் உரசி உரசித் தோல் உரியும். லயங்களில் தீப்பிடிக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் இல்லாமல், கிராம உத்தியோகத்தரின் குடியிருப்பு அத்தாட்சியை மட்டும் வைத்து மீட்டர் கொடுக்கலாம். பில் கட்டும் கடைசித் தேதியை 10ஆம் திகதிக்குப் பிறகு வையுங்கள், தோட்டத்தில் சம்பளம் கைக்கு வருவது அன்றுதான். இணைப்பை வெட்டும் முன் நிலுவையை ஆறு தவணையாகக் கட்ட இடம் கொடுங்கள்.

வற் வரியைப் பற்றி நீளமாக எழுதவில்லை. 2022இன் தொடக்கத்தில் 8 சதவீதம், 2024 ஜனவரி முதல் 18 சதவீதம், எரிவாயுவுக்கும் டீசலுக்கும் இருந்த விலக்கும் போனது. எரிவாயு ஏறினால் பெண்கள் திரும்ப விறகுக்குப் போவார்கள். விறகு என்றால் வேலை முடிந்து கொழுந்துக்கூடையை இறக்கிய முதுகில் இன்னொரு சுமை. டீசல் ஏறினால் பஸ் ஏறும், தோட்டத்திலிருந்து டவுனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது ஏறும். வருமானவரிக்கு ஒரு தொடக்க எல்லை வைத்திருக்கிறீர்கள், வற்றுக்கு அது கிடையாது. கொப்பி வாங்குகிற தாய்க்கும் கம்பனி முதலாளிக்கும் அதே 18.

இனி சேமலாப நிதி. எங்களுக்கு ஆத்திரம் கூடியது இங்கேதான். தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் கிடையாது. இருப்பது இந்த நிதியும், நம்பிக்கை நிதியமும், பணிக்கொடையும்தான். தொழிலாளி 8, கம்பனி 12, நம்பிக்கை நிதியத்துக்கு கம்பனி 3 சதவீதம். ஒரு பேருக்கு 108, 162, 40.50. கூட்டினால் 310.50 ரூபாய். ஒவ்வொரு நாளும் கொழுந்தோடு சேர்த்து நாங்கள் எடுத்துவைப்பது அது.

2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது, ஜூலை 1இல் பாராளுமன்றம் அதை ஏற்றது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசின் கடன் பத்திரங்கள், அதிலிருந்து விடுவிக்கப்பட்டன, வங்கிகள் ஏற்கெனவே கூடிய வரி கட்டுகின்றன என்று காரணம் சொல்லப்பட்டது. தொழிலாளர் நிதிகளுக்குக் கிடைத்தது இரண்டு வழி: பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு முதல் சில ஆண்டுக்கு 12 சதவீதம், அதன்பின் முதிர்வு வரை 9 சதவீதம் வட்டி தரும் புது முறிகளை வாங்குவது, அல்லது வருமானத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீதம் கட்டுவது. எங்கள் நிதி முதல் வழிக்குத் தள்ளப்பட்டது. அடுத்து இருப்பது அந்த 9 சதவீதத்துக்காலம்.

9 சதவீதம் உத்தரவாதம் என்று சொல்லப்பட்டது. உத்தரவாதம் எதைக் காப்பாற்றியது என்று பாருங்கள். 2022இல் நிதி 9 சதவீதம் கொடுத்தது. அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 46.4 சதவீதம். 100 ரூபாய் 109 ஆனது, 100 ரூபாய் சாமான் 146 ரூபாய்க்கு மேல் போனது. 2023இல் 13 சதவீதம் கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 17.4. இரண்டு ஆண்டையும் சேர்த்தால் சேமிப்பு 123 ரூபாய், சாமான் ஏறக்குறைய 172 ரூபாய். 2021 கடைசியில் நிதியில் இருந்த ஒவ்வொரு 100 பேரிலும் 28 பேரின் பெறுமதி இரண்டு ஆண்டுக்குள் கரைந்துவிட்டது. வரியாகக் கேட்டிருந்தால் எதிர்த்திருப்போம், எதிர்க்க ஓர் இலக்காவது இருந்திருக்கும். இது யாருடைய சம்பளச் சீட்டிலும் எழுதப்படாமல் போன பிடிப்பு.

எங்கள் கோரிக்கை இது: நிதியின் ஆண்டு வட்டி அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் திறைசேரி அங்கத்தவர் கணக்கில் வைப்பிலிட வேண்டும். 2022க்கும் 2023க்கும் முழுவதையும் ஒரே வருடத்தில் கேட்கவில்லை. முதலில், பெண் 50, ஆண் 55 வயதை எட்டிப் பணம் எடுக்கப் போகிறவர்களிலிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குக் காத்திருக்கக் காலமில்லை.

நிதியைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. அரசே நடத்தும் தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை பல ஆண்டாகக் கிடக்கிறது. ஒரு மாதப் பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும் என்பது சட்டம். தவறினால் 5 சதவீதத்தில் தொடங்கி, 12 மாதம் தாண்டினால் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். ஒரு தனியார் கடைக்காரர் தவறினால் தொழில் திணைக்களம் வழக்குப் போடும். அரசுத் தோட்டத்தில் 108 ரூபாயைத் தொழிலாளியிடம் பிடித்துக்கொண்டு நிதிக்குக் கட்டாமல் இருந்தால்? சிக்கனம் பேசும் வரவு செலவுத் திட்டத்தில் இந்தக் கடனுக்கு, மேலதிகக் கட்டணத்தோடு, பணம் ஒதுக்குங்கள். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மாதம் நிலுவை என்ற பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள்.

அடுத்தது 30 சதவீத முன்பணம். பத்து ஆண்டு பங்களிப்பும் கணக்கில் மூன்று லட்சமும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு எடுக்கப் போனால் காணி உறுதி கேட்பார்கள். லயக்காம்பராவுக்கு உறுதி ஏது? வீடு மிகவும் தேவைப்படுகிறவர்களுக்கே இந்த வாசல் மூடிக் கிடக்கிறது. கூரை மாற்றவும் கழிப்பறை கட்டவும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி போதும் என்று ஒரு சுற்றுநிருபம் போட்டால் திறைசேரிக்கு ஒரு சதமும் செலவில்லை. அது எங்கள் பணம்.

அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவித் திட்டத்துக்கு வருகிறோம். 2019 கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. 2016இல் எடுத்த கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17.3, தோட்டத்தில் 31.7. உங்கள் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குகளே இவை. ஆகவே உதவி யாருக்குப் போக வேண்டும் என்பதில் நமக்குள் வழக்கில்லை. ஏன் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

திட்டம் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தைப் புள்ளியிடுகிறது. சுவர் எதனால் ஆனது, தரை எதனால் ஆனது என்று கேட்கும். லயத்துச் சுவர் கருங்கல்லும் சுண்ணாம்பும், தரை சீமெந்து. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டி, ஒழுகுகிற கூரையோடு, பத்தடிக் காம்பராவில் ஆறு ஆட்கள் கிடந்தாலும் படிவத்தில் அது கல் வீடு. அது அவர்களுக்குச் சொந்தமில்லை, நாளை வெளியேறச் சொன்னாலும் நிற்க உறுதியில்லை என்பது புள்ளியில் வருவதில்லை. குடும்பம் எது என்பதிலும் சிக்கல். ஒரே காம்பராவில் தாயும் மகனும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பார்கள். இலக்கம் ஒன்றாக இருப்பதால் ஒரே குடும்பமாகப் பதிந்துவிட்டால் மகனின் சம்பளம் விதவைத் தாயைப் பட்டியலிலிருந்து தள்ளிவிடும்.

வருமானம் எழுதும் விதம் இன்னும் மோசம். 1,350ஐ 25ஆல் பெருக்கி 33,750 என்று எழுதிவிட்டால் முடிந்தது. நிஜத்தில் அந்த 25 பேர் எப்படிக் குறைகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும்.

கொழுந்து எடுத்த நிரைக்கு ஏழாம் எட்டாம் நாள் திரும்பி வந்தால்தான் இரண்டு இலையும் மொட்டும் பதமாக இருக்கும். ஆள் போதாமல் சுற்று 12, 14 நாளுக்கு நீண்டால் இலை முத்திவிடும். முத்தின இலையைக் கங்காணி கூடையிலிருந்து பொறுக்கி எறிவார், எறிந்தது நிறையில் சேராது. செடியைத் தாழ வெட்டும் கவ்வாத்தை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் செய்யாமல் தள்ளிப்போட்டால் செடி நெஞ்சுக்கு மேல் வளரும், கை எட்டாது. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தீர்கள், ஆண்டு முடியும் முன் திரும்பப் பெற்றீர்கள். பட்டினி கிடந்த செடி அவ்வளவு வேகத்தில் தேறுவதில்லை. அதன்பின் உரம் வந்த விலைக்குப் பல கம்பனிகள் போடும் அளவையே குறைத்தன. புல் வெட்டாத மலையில் அட்டை, பாம்பு, குளவிக்கூடு. ஒரு குளவிக்கொட்டுக்கு அந்த மலை முழுவதும் அன்று வேலை நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு 19 கிலோ எடுத்துக்கொண்டு ஒரு பெண் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வருகிறாள். தராசில் தொங்கவிட்டதும் படங்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு இரண்டு கிலோ என்று கழிப்பார்கள். மழை இல்லாத நாளிலும் தண்ணீர் கழிபடும். 16 கிலோ பதிவாகும். அந்தத் தோட்டத்தில் அளவு 18 என்றால் அரைப்பேர், 675 ரூபாய். கழிக்காவிட்டால் அவளுக்கு முழுப்பேர். மூன்று கிலோ கழிவு அவளிடமிருந்து எடுத்தது 675 ரூபாய், அந்த இலையோ மற்ற இலையோடு சேர்ந்து இஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. 2021இல் தொழிற்சங்கங்களோடு இருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் வெளியேறிய பிறகு இந்த அளவைப் பேசித் தீர்க்க மேசையே இல்லாமல் போனது. சம்பள நிர்ணய சபை பேரின் விலையை எழுதும்போது கிலோ அளவையும், கழிவுக்கு ஓர் உச்ச வரம்பையும், அளக்கும் திணைக்களத்தின் முத்திரையுள்ள தராசையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லாவிட்டால் 1,350 என்பது தாளில் மட்டும் இருக்கும். அஸ்வெசும அதிகாரியும் பெருக்கல் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதட்டும்.

மேன்முறையீடு செய்யலாமே என்பீர்கள். அதன் விலையையும் பேரில் போடுவோம். கடிதம் வரும்போதே தாமதம், ஏனென்றால் லயத்துக்குத் தனி முகவரி இல்லை, தபால் தோட்டக் காரியாலயத்தில் இறங்கி யாரோ ஒருவர் கையில் ஏறி வரும். வந்த கடிதம் பல நேரம் சிங்களத்தில். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், பிரதேச செயலகத்தில் ஒரு நாள், வங்கியில் ஒரு நாள். அடையாள அட்டையில் பெயர் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி ஆங்கிலத்துக்கு மாற்றியதில் வந்த வினை. அதைத் திருத்த மறுபடி ஒரு நாள். நான்கு பேர், 5,400 ரூபாய், பஸ் காசு தனி. 5,000 ரூபாய்ப் பிரிவில் இருப்பவர் ஒரு மாத உதவியைப் பெறுவதற்கு ஒரு மாத உதவிக்கு மேல் செலவழிக்கிறார். அந்த நான்கு நாளை எடுக்க முடியாதவர்கள்தான் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களில் மிகவும் ஏழைகள்.

அதிகாரிகள் தோட்டத்துக்கு வர வேண்டும். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு நாள், சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு, குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ இருந்தால் போதும். கிராம உத்தியோகத்தர், நலன்புரி உத்தியோகத்தர், வங்கி அலுவலர், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் ஆகிய நால்வர் ஒரே மேசையில் இருந்தால், நான்கு நாள் வேலை ஒரு முற்பகலில் முடியும். மண்டபமும் மேசையும் ஆட்களைக் கூட்டுவதும் எங்கள் பொறுப்பு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வெளியார் பயிர்ச்செய்கை என்று மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோவுக்கு வாங்கும் முறையைக் கம்பனிகள் பரப்புகின்றன. உற்பத்தித்திறன் கூடும் என்று அமைச்சுகளும் அதை வரவேற்கின்றன. அந்த முறையில் பேர் என்பதே இல்லை. பேர் இல்லையென்றால் கம்பனி கட்டும் 202.50 ரூபாய் இல்லை, ஆண்டுக்கு 14 பேர் என்ற பணிக்கொடை இல்லை. 25 ஆண்டு வேலை செய்தவளுக்கு 2025இன் விலையில் 350 பேர், 4,72,500 ரூபாய். அது அவளுக்குக் கிடைக்காது, முதுமையில் அவள் அஸ்வெசும வரிசையில் உங்களிடம்தான் வந்து நிற்பாள். கம்பனிக்கு இன்று மிச்சமாவது நாளை திறைசேரியின் செலவு. அந்த முறைக்குப் போகிறவர்களுக்கும் கிலோ விலைக்குள்ளேயே சேமலாப நிதிப் பங்கைக் கட்டாயமாக்காமல் ஓர் ஏக்கரும் கைமாறக் கூடாது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பேர் என்ற நிலை 1984இல் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் வந்தது, கேட்டவுடன் வரவில்லை. அது எங்களுக்கு நினைவிருக்கிறது. ஆகவே வரவு செலவுத் திட்ட வாரம் முழுவதும் பெரட்டு முடிந்ததும் மலைக்குப் போகும் முன் அரை மணி நேரம் களத்திலேயே நிற்போம். சேமலாப நிதிக் கணக்கையும் மின்சாரக் கணக்கையும் ஒவ்வொரு களத்திலும் வாசித்துக் காட்டுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்களில் கூடுவோம். சர்வதேச நாணய நிதியத்தின் திட்டம் 2027 மார்ச் வரை இருக்கிறது, அதுவரை உங்கள் ஒவ்வொரு கட்டணத் திருத்தத்துக்கும் பேர் கணக்குப் போட்டு வெளியிடுவோம். நீங்கள் முந்திக்கொண்டு போட்டு வெளியிட்டால் அந்த வேலை எங்களுக்கு மிச்சம்.

பதிலைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள், எந்தக் கோரிக்கைக்கு ஆம், எதற்கு இல்லை, எந்தத் திகதிக்குள் என்று எழுதி அனுப்புங்கள். தோட்டக் காரியாலய முகவரிக்கு வேண்டாம். கிராம உத்தியோகத்தர் மூலம் அனுப்பினால் அன்றைக்கே பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டத் தொழிற்சங்கக் கமிட்டிகள், மாதர் சங்கங்கள், மரண உதவிச் சங்கங்கள்